நடுங்கிய குரலில் வந்த உத்தரவு

1963ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வாஷிங்டன் நகரில் நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவர் வீட்டில் நின்றபடி "மெர்ரி கிறிஸ்துமஸ்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் ஊழியர்களைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வேண்டும், வேலை அவ்வளவுதான். அந்த இரண்டு சொற்களுக்கே அவருக்கு ஒத்திகை தேவைப்பட்டது. அவர் பெயர் கேத்தரின் கிரகாம். 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ், 'நியூஸ்வீக்' வார இதழ், சில தொலைக்காட்சி நிலையங்கள் ஆகியவற்றை நடத்திய நிறுவனத்தின் தலைவர் பொறுப்பு அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது.

1971 ஜூன் 17 இரவு அதே பெண் தொலைபேசியில் ஓர் உத்தரவு கொடுத்தார். அச்சு இயந்திரங்கள் ஓடின. மறுநாளே அமெரிக்க அரசு அவருடைய பத்திரிகைக்குத் தடை கேட்டு நீதிமன்றம் போனது. அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் தீர்ப்பளித்தது. வாழ்த்துச் சொல்லவே தடுமாறியவர் எட்டு ஆண்டுக்குள் இந்த இடத்துக்கு எப்படி வந்தார்? மேலாளர்களுக்கான பயிற்சி வகுப்புகள் நாள் முழுக்கப் பேசியும் தொடாமல் விடுகிற பல விஷயங்கள் இந்தக் கேள்விக்கான விடையில் இருக்கின்றன.

அந்த வகுப்புகளில் இதை 'எக்ஸிகியூட்டிவ் பிரசன்ஸ்' என்கிறார்கள். ஒருவர் அறைக்குள் வந்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைக் கவனிக்கிறார்கள். அவர் சொன்னால் நடக்கும் என்று நம்புகிறார்கள். நெருக்கடி வந்தால் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தலைவருக்கு உரிய இந்த மிடுக்குக்குத்தான் அந்தப் பெயர். சென்னை, பெங்களூர் ஐ.டி. அலுவலகங்களில் அப்ரைசல் முடிந்து வெளியே வருகிறவர்கள் பலர் இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். "உங்க வேலையில குறையே இல்ல. ஆனா எக்ஸிகியூட்டிவ் பிரசன்ஸ் இன்னும் வரணும்" என்று மேனேஜர் சொல்லியிருப்பார். அதை எங்கிருந்து, எப்படி வரவழைப்பது என்று சொல்லியிருக்க மாட்டார்.

சில்வியா ஆன் ஹியூலெட் என்ற பொருளியலாளர் இதை அளந்து பார்க்க முயன்றார். அவர் நியூயார்க்கில் நடத்திய ஆய்வு மையம் 2012ஆம் ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில் 268 மூத்த நிர்வாகிகளிடம், மேல் பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. இந்த மிடுக்கின் உட்கூறுகளில் எது முதன்மை என்ற கேள்விக்கு 67 சதவீதம் பேர், அழுத்தத்திலும் நிதானம் இழக்காமல் முடிவெடுக்கிற கனம் என்றார்கள். 28 சதவீதம் பேர் பேச்சு என்றார்கள். தோற்றத்தைச் சொன்னவர்கள் 5 சதவீதம். 2014இல் வெளியான அவருடைய புத்தகம் இந்த எண்களை உலகெங்கும் பரப்பியது.

எண்களை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூத்த அதிகாரிகளில் மூன்றில் இரண்டு பேர் தேடுவது முடிவெடுக்கிற துணிவை. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதோ கைகுலுக்குவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, கோட்டின் நிறம், நிற்கும் விதம். சொல்லிக்கொடுக்க எளிதானவை இவை. ஒரு மதிய நேரத்தில் முடித்துச் சான்றிதழும் கொடுத்துவிடலாம்.

இந்த வகுப்புகளுக்குப் போனவர்களுக்கு 7, 38, 55 என்ற மூன்று எண்கள் பழக்கமானவை. கேட்பவர் மனதில் பதிவதில் சொற்களுக்கு 7 சதவீதப் பங்குதான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று திரையில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். இந்த எண்கள் கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் மெராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரல்பாவத்தில் ஒலிக்கச் செய்து, சிலவற்றை முகப் படங்களோடு சேர்த்துக் காட்டி, பேசுபவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்ட சோதனைகள் அவை. விருப்பு வெறுப்பைப் பற்றிய சோதனை என்பதைத் தாண்டி இந்த எண்களை எல்லாப் பேச்சுக்கும் பொருத்தக் கூடாது என்று மெராபியனே எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அந்த வட்டம் திரைகளில் சுழன்றுகொண்டிருக்கிறது. விளைவு என்னவென்றால், வங்கிக் கடன் பற்றியோ மருத்துவமனைச் செலவு பற்றியோ பேசப்போகிற ஓர் இளம் அதிகாரி, தான் சொல்லப்போகிற விஷயத்துக்கு 7 சதவீத மதிப்புதான் என்று நம்பிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார். இது அவருக்குச் செய்யப்படும் பெரிய அநியாயம்.

இன்னொன்று 'பவர் போஸ்'. கைகால்களை அகல விரித்து அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் உடலில் ஹார்மோன்களே மாறும், துணிவு பிறக்கும் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் கலந்துகொண்டவர்கள் 42 பேர். ஆய்வாளர்களில் ஒருவரான ஏமி கடி 2012இல் ஆற்றிய டெட் உரை கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. 2015இல் வேறொரு குழு 200 பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தது. அப்படி இருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பாக இருப்பதுபோல் தோன்றியது. ஹார்மோன் மாறவில்லை, நடத்தையும் மாறவில்லை. மறு ஆண்டு, முதல் ஆய்வை நடத்தியவர்களில் இன்னொருவரான டானா கார்னியே அந்த விளைவில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். தன் பெயரில் வந்த புகழ்பெற்ற ஆய்வை இப்படி மறுதலிப்பதற்கு அந்தத் தோரணை தருவதைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

குரல் விஷயம் இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் வில்லியம் மேயூ, கிறிஸ்டோபர் பார்சன்ஸ், மோகன் வெங்கடாசலம் ஆகிய மூவர் 792 ஆண் தலைமை நிர்வாகிகளின் குரலை அளந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கட்டைக் குரல்காரர்கள் பெரிய நிறுவனங்களில் உட்கார்ந்திருந்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆழ்ந்த குரலைக் கேட்டதும் 'இவர் தலைவர்' என்று நம் காது முடிவுகட்டிவிடுகிறது என்பதற்கு அது நல்ல சான்று. அந்தக் குரல் நல்ல நிர்வாகத்தைத் தரும் என்பதற்கு அது சான்றாகாது. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் 1970களில் பயிற்சியாளரை வைத்துத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டதும் இந்தக் காதுகளுக்காகத்தான்.

காது எவ்வளவு தூரம் ஏமாறும் என்பதற்கு எலிசபெத் ஹோம்ஸ் இருக்கிறார். ஒரு சொட்டு ரத்தத்தில் பல நூறு பரிசோதனை செய்யலாம் என்று சொன்ன அவர் 2003இல் தொடங்கிய 'தெரனோஸ்' நிறுவனத்தின் மதிப்பு ஒரு கட்டத்தில் 900 கோடி டாலரைத் தொட்டது. ஸ்டீவ் ஜாப்ஸைப் போலக் கழுத்து மூடிய கறுப்புச் சட்டை, கண்ணிமைக்காத பார்வை, அடித்தொண்டைக் குரல். அந்தக் குரல் அவர் பழகி வரவழைத்தது என்று உடன் வேலைபார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஹென்றி கிசிஞ்சரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் அவருடைய இயக்குநர் குழுவில் இருந்தார்கள். பயிற்சி வகுப்பின் அளவுகோல் எதை வைத்துப் பார்த்தாலும் அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். பரிசோதனைக் கருவி மட்டும் வேலை செய்யவில்லை. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றம் உறுதியாகி, 2022 நவம்பரில் அவருக்கு 11 ஆண்டுக்கும் மேலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கேத்தரின் கிரகாமிடம் இந்தச் சாமான் எதுவும் கிடையாது. அவருடைய கதை விரிவாகச் சொல்லப்பட வேண்டியது.

அவருடைய தந்தை யூஜீன் மேயர் பெரும் பணக்காரர். திவாலாகி ஏலத்துக்கு வந்த 'வாஷிங்டன் போஸ்ட்'டை 1933இல் 8,25,000 டாலருக்கு வாங்கினார். கேத்தரின் படித்து முடித்துச் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தார்; பிறகு அப்பாவின் பத்திரிகையில் வாசகர் கடிதப் பகுதியைப் பார்த்துக்கொண்டார். திருமணமானதும் வாரிசு யார் என்ற கேள்விக்கு அப்பா தயங்காமல் மருமகன் ஃபிலிப் கிரகாமைக் காட்டினார். வாக்குரிமைப் பங்குகளைப் பிரித்தபோது மகளைவிட மருமகனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார். மனைவியிடம் வேலை பார்க்கும் நிலை எந்த ஆணுக்கும் வரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். மகளுக்கும் அது நியாயமாகவே பட்டது என்பதுதான் இன்று படிக்கும்போது மனதை உறுத்துகிறது.

ஃபிலிப் கூர்மையானவர், வசீகரமானவர். கடுமையான மனநோயால் அவதிப்பட்ட அவர் 1963 ஆகஸ்டில் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். நான்கு பிள்ளைகளின் தாய், இருபது ஆண்டாக இல்லத்தரசியாக இருந்தவர், நிறுவனத்தை விற்க மாட்டேன் என்று இயக்குநர் குழுவின் முன் சொல்ல வேண்டியிருந்தது. என்ன பேசுவது என்பதற்கு மகள் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

இங்கிருந்து அவர் செய்த முதல் காரியம் கற்றுக்கொள்வது. ஆசிரியர் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்தார். தெரியாததைக் கேட்டார். கேட்பதற்கு வெட்கப்பட்டார், ஆனாலும் கேட்டார். 1965இல் அவர் எடுத்த முடிவு ஒன்று நிறுவனத்தின் போக்கையே மாற்றியது: பத்திரிகை தூங்கி வழிகிறது என்று தோன்றியதும், 'நியூஸ்வீக்'கின் வாஷிங்டன் அலுவலகத்தில் இருந்த பென் பிராட்லியை மதிய உணவுக்கு அழைத்து அவருக்கு என்ன பதவி வேண்டும் என்று கேட்டார். போஸ்டின் நிர்வாக ஆசிரியர் நாற்காலி என்றால் எதையும் கொடுப்பேன் என்றார் பிராட்லி. சில மாதங்களில் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். தன்னைவிட ஓங்கிப் பேசுகிற, தன்னம்பிக்கை வழிகிற ஓர் ஆளைத் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது பயந்த மனிதர்கள் செய்யும் காரியமல்ல. கேத்தரின் பயந்தவர்தான், பயத்தோடேயே அதைச் செய்தார்.

அதற்காக எல்லா நேரமும் சரியாகவே நடந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. 1970 மார்ச்சில் 'நியூஸ்வீக்'கில் வேலை பார்த்த 46 பெண்கள், எழுதும் வேலையைத் தங்களுக்குக் கொடுக்காமல் ஆய்வு உதவியாளர்களாகவே வைத்திருக்கிறார்கள் என்று அரசிடம் முறைப்படி புகார் கொடுத்தார்கள். செய்தி அவருக்கு எட்டியதும், நான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டாராம். உரிமையாளர் என்ற முறையில் ஒரு பக்கம், பெண் என்ற முறையில் மறு பக்கம். ஆறு ஆண்டுக்கும் மேல் தலைவராக இருந்த பிறகும் தன் நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது அவருக்கே தெளிவாகவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் வந்தது. வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ரகசியமாகத் தயாரித்த பெருந்தொகுப்பு 'நியூயார்க் டைம்ஸ்' கையில் கிடைத்து, ஜூன் 13 முதல் அது வெளியிடத் தொடங்கியது. அடுத்தடுத்து வந்த அரசுகள் போரைப் பற்றி மக்களிடம் மறைத்ததெல்லாம் அதில் இருந்தது. இரண்டு நாளில் நீதிமன்றம் டைம்ஸுக்குத் தடை போட்டது. அதே ஜூன் 15ஆம் தேதிதான் வாஷிங்டன் போஸ்ட் நிறுவனம் முதன்முறையாகப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. எதிர்பாராத பேரிடர் ஏதும் நேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் விற்பனையிலிருந்து விலகிக்கொள்ள ஒப்பந்தத்தில் வழி இருந்தது. கிரிமினல் வழக்கு வந்தால் தொலைக்காட்சி உரிமங்களும் பறிபோகலாம்.

ஜூன் 17ஆம் தேதி போஸ்ட் நிருபர்களுக்கும் அந்தத் தொகுப்பில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கிடைத்தன. பிராட்லியின் வீட்டில் கட்டுக்கட்டாகப் பிரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் வழக்கறிஞர்கள் வேண்டாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். கேத்தரின் வீட்டிலோ அன்று விருந்து. ஓய்வுபெறும் மேலாளர் ஒருவரைப் பாராட்டி அவர் பேசிக்கொண்டிருந்த நடுவில் தொலைபேசி வந்தது. நூலக அறைக்குப் போய் எடுத்தார். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக இணைப்பில் வந்து, இன்று வெளியிடாவிட்டால் பத்திரிகையின் மானம் போய்விடும் என்றார்கள். பக்கத்தில் நின்ற நிர்வாகி ஒருவர் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

கடைசியாக அவர் கேட்டது ஃபிரிட்ஸ் பீபியை. நிறுவனத்தின் சேர்மன், தேர்ந்த வழக்கறிஞர், கணவர் இறந்த நாளிலிருந்து அவர் நம்பிய மனிதர். பீபி கொஞ்சம் தயங்கிவிட்டு, நானாக இருந்தால் வெளியிட மாட்டேன் என்று நினைக்கிறேன் என்றார். அவர் அதை அழுத்திச் சொல்லவில்லை. பங்கு விற்பனை என்ன ஆகும் என்று பயமுறுத்தவில்லை. அந்தத் தயக்கம் தனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது என்று கேத்தரின் பிற்பாடு எழுதினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, போங்கள், போங்கள், வெளியிடுவோம் என்ற பொருளில் சில சொற்களைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

அந்தக் குரலில் கம்பீரம் இல்லை. உரை இல்லை. அதை வீடியோ எடுத்துப் பயிற்சி வகுப்பில் போட்டால் பயிற்சியாளர் பத்துக் குறை கண்டுபிடிப்பார். ஆனால் மற்ற எல்லாரையும் கேட்டுவிட்டு, முடிவைத் தன் வாயால் சொல்லி, விளைவைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டவர் அவர். ஹியூலெட்டின் 67 சதவீதம் பேர் தேடுகிற அந்தக் கனம் இப்படித்தான் இருக்கும். ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இரண்டு பத்திரிகைகளுக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆசிரியர் குழு அதன் பிறகு அவரை வேறு கண்ணால் பார்த்தது. அவரும் தன்னை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்.

ஓர் ஆண்டு கழித்து, அதிபர் நிக்சனின் அரசைச் சூழ்ந்த வாட்டர்கேட் ஊழல் வந்தது. அதை எழுதிய போஸ்டோடு அந்த அரசு முழு பலத்தோடு மோதியது. ஃப்ளோரிடாவிலிருந்த இரண்டு தொலைக்காட்சி நிலையங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று விண்ணப்பங்கள் போயின. பங்கு விலை பாதிக்கும் கீழே சரிந்தது. மாதக்கணக்கில் வேறு எந்தப் பெரிய பத்திரிகையும் அந்தச் செய்தியைப் பெரிதாகத் தொடவில்லை, நாம்தான் தவறோ என்ற சந்தேகம் அவரை அரித்தது. தன் இரண்டு இளம் நிருபர்களை அவர் நிறுத்தவில்லை. 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார்.

இதே காலத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மிடுக்கு எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வாஷிங்டன் மேட்டுக்குடி வீடுகளில் இரவு விருந்து முடிந்ததும் பெண்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். ஆண்கள் மேஜையில் உட்கார்ந்து சுருட்டுப் புகைத்து அரசியல் பேசுவார்கள். பத்திரிகை அதிபராகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் கேத்தரின் எழுந்து போய்க்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் பத்தி எழுத்தாளர் ஜோசப் ஆல்சப் வீட்டில், நாள் முழுக்க இதே விஷயங்களைப் பேசி வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அந்த அறைக்குப் போவதைவிட வீட்டுக்குப் போய்விடுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம் என்றார். சத்தம் போடவில்லை. ஆல்சப் பதறிப்போனார். பெண்கள் மேஜையிலேயே இருந்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்த வழக்கமே நகரத்திலிருந்து மறைந்தது.

வியாபாரத்தை அவர் கற்ற விதமும் சொல்ல வேண்டியதுதான். 1973இல் வாரன் பஃபெட் போஸ்டின் பங்குகளைப் பெருமளவு வாங்கினார். அன்று அவரை வெளியுலகம் அதிகம் அறியாது. நிறுவனத்தைப் பிடுங்க வந்திருக்கிறாரா என்று சுற்றியிருந்தவர்கள் பயப்படுத்தினார்கள். கேத்தரின் அவரைச் சந்தித்துப் பேசி, மறு ஆண்டே இயக்குநராகச் சேர்த்துக்கொண்டார். பஃபெட் ஒவ்வொரு முறையும் மற்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைக் கட்டாகக் கொண்டுவந்து, இது என்ன, அது ஏன் என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். ஐம்பத்தேழு வயதில் ஒரு கம்பெனித் தலைவர் பாலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றார். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. நிறுவனத்தின் சொந்தப் பங்குகளைச் சந்தையிலிருந்து திரும்ப வாங்குவது அன்று அரிதான காரியம். பலர் எதிர்த்தும் அவர் செய்தார். 1971 பங்கு விற்பனையில் ஒரு டாலர் போட்டவருக்கு, 1993இல் அவர் சேர்மன் பதவியிலிருந்து விலகும்போது 89 டாலர் சேர்ந்திருந்தது என்று வில்லியம் தார்ன்டைக் என்ற எழுத்தாளர் கணக்குப் போட்டிருக்கிறார்.

1975 அக்டோபர் முதல் தேதி விடிவதற்கு முன் அச்சகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, இயந்திரங்களைச் சேதப்படுத்தினார்கள். ஃபோர்மேன் ஒருவர் தாக்கப்பட்டார். தகவல் வந்ததும் கேத்தரின் இருட்டோடு அலுவலகம் வந்தார். ஒரு நாள்தான் பத்திரிகை நின்றது. மறுநாளிலிருந்து ஹெலிகாப்டர்கள் மாடியில் வந்து இறங்கி, பக்கங்களை வெளியூர் அச்சகங்களுக்கு எடுத்துப் பறந்தன. வரிவிளம்பரப் பிரிவில் ஆள் இல்லாததால் தலைவரே தொலைபேசியில் விளம்பரம் எழுதிக்கொண்டார். சனிக்கிழமை இரவுகளில் தபாலில் போகும் ஞாயிறு இதழ்களைச் சுற்றி ஒட்டினார். இப்படியே மாதக்கணக்கில் போனது. முடிவில் அச்சகத் தொழிலாளர்களுக்குப் பதில் புது ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். அந்தச் சங்கம் அங்கே உடைந்தது. தொழிற்சங்கத்தினர் பலர் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை, அவர்களுடைய கோபத்திலும் நியாயம் உண்டு. தலைவரின் முடிவு எப்போதும் யாரோ ஒருவருடைய சோற்றைத் தொடுகிறது. அதனால்தான் அந்த முடிவைச் சொல்பவர் ஒளிந்துகொள்ளாமல் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

கேத்தரினுக்கு மேடைப் பயம் முழுதாக விட்டதாகத் தெரியவில்லை. 1997இல் வெளிவந்த சுயசரிதையில் தன் நடுக்கங்களை ஒளிக்காமல் எழுதினார். மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பயம் போன பிறகுதான் தலைமைக்குப் போவேன் என்று காத்திருக்கிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்கலாம்.

தோற்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது 5 சதவீதம் என்று நிர்வாகிகள் வாயால் சொன்னாலும், முதல் பார்வையில் கதவைத் திறப்பதும் மூடுவதும் பல இடங்களில் அதுதான். சென்னையில் வளர்ந்து, கிறித்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐ.ஐ.எம்.மிலும் படித்து, 1978இல் யேல் பல்கலைக்கழகம் போன இந்திரா நூயி, கோடைக்கால வேலைக்கான நேர்காணலுக்கு 50 டாலரில் ஒரு கோட்டு சூட் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அளவு பொருந்தவில்லை. அவமானத்தில் அழுதபடி கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வந்தவரிடம், இந்தியாவில் நேர்காணலுக்கு எதைக் கட்டிக்கொண்டு போவாய் என்று அங்கிருந்த அம்மையார் கேட்டார். சேலை என்றார் இந்திரா. அப்படியானால் அதையே கட்டிக்கொண்டு போ என்று பதில் வந்தது. அடுத்த நேர்காணலுக்குப் பட்டுச் சேலையில் போனார், வேலை கிடைத்தது.

மேடைப் பேச்சாளர்கள் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். இந்திரா நூயி நிறுத்தவில்லை. கோடை முழுக்கச் சேலையில் வேலை பார்த்ததையும், அந்தக் குழு வாடிக்கையாளரைப் பார்க்க வெளியூர் போகும்போது சேலை அங்கே உறுத்தும் என்பதால் தான் உடன் போகவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். இயல்பாக இரு என்பது நல்ல அறிவுரை. அதைக் கேட்டவர் கொடுக்கும் விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான அறிவுரை. 2006இல் அவர் பெப்சிகோவின் தலைமை நிர்வாகி ஆனபோது உடை அல்ல, பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு கணக்கையும் அவர் விரல்நுனியில் வைத்திருந்ததுதான் பேசியது.

ஹியூலெட் பத்தாண்டு கழித்து, 2022இல், மறுபடியும் கணக்கெடுத்தார். தன்னம்பிக்கையும் முடிவெடுக்கும் திறமும் பழையபடி மேலே இருந்தன. புதிதாக ஏறிவந்தவை: கற்றுக்கொள்வதற்காகக் கேட்பது, மற்றவர்களை மதிப்பது, எல்லாரையும் சேர்த்துக்கொள்வது, நடிக்காமல் இயல்பாக இருப்பது. பெரிய கல்லூரிப் பட்டத்தின் மவுசு இறங்கியிருந்தது. இன்று அந்த அறிக்கையைப் படித்தால், 1963இல் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்த கேத்தரின் கிரகாமை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த மிடுக்கு வளர்வதில் சுற்றியிருப்பவர்கள் பங்கும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. 1971இன் அந்த ஜூன் இரவில் தொலைபேசியில் ஃபிரிட்ஸ் பீபி நினைத்திருந்தால் சட்டத்தையும் பங்குச் சந்தையையும் காட்டிக் கேத்தரினை வாயடைத்திருக்கலாம். தன் கருத்தைச் சொன்னார். முடிவை அவரிடம் விட்டார். பஃபெட் பாடம் நடத்தினார், நாற்காலியைப் பிடிக்கவில்லை. ஒருவரிடம் மிடுக்கு வளர வேண்டுமென்றால் அவருக்கு மேலே இருப்பவர்கள் அதற்கு இடம் விட வேண்டியிருக்கிறது. அப்ரைசல் படிவத்தில் 'எக்ஸிகியூட்டிவ் பிரசன்ஸ் போதாது' என்று எழுதுகிற மேனேஜருக்கு அந்த வரியோடு கடமை முடிந்துவிடுவதில்லை. எந்த மீட்டிங்கில், எந்தக் கேள்விக்கு, அவர் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று குறிப்பாகச் சொல்லலாம். அவர் ராத்திரி உட்கார்ந்து தயாரித்த பிரசன்டேஷனைத் தான் எழுந்து வாசிப்பதை விட்டு, அடுத்த முறை கிளையன்ட் முன்னால் அவரையே பேசவைக்கலாம். நடுவில் அவர் தடுமாறினால் குறுக்கே பாய்ந்து முடித்துவைக்காமல், அந்த அரை நிமிடம் பொறுத்திருக்கலாம்.